நாலு மணிக்கு இருட்டும் ஊரில் ஐந்து நாள்: குடும்பத்தோடு வியன்னா

கேட்டவரின் நிலைமை இது. சென்னையிலிருந்து ஐந்து பேர்: கணவன், மனைவி, 11 வயது மகள், 5 வயது மகன், 67 வயது அம்மா. அரையாண்டு விடுமுறையில் ஐந்து முழு நாள் கிடைக்கும். ஐரோப்பாவில் ஒரே ஒரு பழைய தலைநகரம் போதும், ஆனால் பிராகாவா வியன்னாவா என்று முடிவாகவில்லை. அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. குழந்தைகள் பனி பார்த்தே ஆகவேண்டும் என்கிறார்கள். எப்போது போவது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறார்.

வியன்னாவுக்கே போங்கள். நான் அங்கே பல வருடம் குடியிருந்தவன், அதனால் கொஞ்சம் பாசம் இருக்கத்தான் செய்யும். ஆனால் காரணம் அது இல்லை. பிராகாவின் பழைய பகுதி முழுக்கக் கல் பாவிய தெருக்கள், கோட்டை இருப்பது மேட்டின் மேல். முழங்கால் வலிக்காரரை ஈரக் கல்லில் நடக்கவிடுவது நியாயமில்லை. வியன்னாவின் நடுப்பகுதி ஏறக்குறைய சமதரை. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது, டிராம் வாசலில் நிற்கும். இன்னொன்று, வியன்னாவின் சொத்தில் பாதிக்கு மேல் கூரைக்குக் கீழே இருக்கிறது. அரண்மனை, மியூசியம், காபிக் கடை, சங்கீதம் என்று எல்லாமே உள்ளே உட்கார்ந்து பார்க்கிற சமாச்சாரம். குளிர்காலத்துக்கு ஊர் தேடும்போது இதைத்தான் பார்க்கவேண்டும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் உதிக்கவே ஏழே முக்கால் ஆகும், நாலு மணி சுமாருக்கு மறைந்துவிடும். பல நாள் சூரியனே தெரியாது, சாம்பல் நிற வெளிச்சம் மட்டும்தான். வெப்பநிலை சுழியை ஒட்டி மேலும் கீழும் ஆடும். அதைவிட உறைப்பது காற்று. டான்யூப் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றில் 2 டிகிரி, மைனஸ் 5 போல இருக்கும். வெளியில் பார்க்கவேண்டியதைப் பத்திலிருந்து இரண்டரைக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கதகதப்பான ஓர் இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு நாளைக்குப் பெரிய காரியம் ஒன்று, சின்னது ஒன்று. இணையத்தில் கிடைக்கும் 'மூன்று நாளில் இருபது இடம்' பட்டியல்கள் எல்லாம் ஜூன் மாதத்துக்கு எழுதியவை.

இந்திய நேரம் நாலரை மணி முன்னால் ஓடுகிறது. உங்கள் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அங்கத்திய மூன்றரைக்கே எழுந்து பசிக்கிறது என்பார்கள், மாலை ஆறுக்குத் தூங்கி விழுவார்கள். ஹோட்டல் காலைச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான். ஆகவே சமையலறை உள்ள அடுக்ககமாகப் பாருங்கள். ஊரின் நடுவான முதல் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. மூன்றாம் வட்டாரத்தில் வியன் மிட்டே நிலையத்தை ஒட்டியோ, நாலு அல்லது ஏழாம் வட்டாரத்திலோ, மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடையில் கிடைத்தால் போதும். லிஃப்ட் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கட்டடங்களில் 'முதல் மாடி' என்று சொல்வது சில சமயம் மூன்றாவது மாடியாக இருக்கும். தரைத்தளத்துக்கு மேல் இரண்டு இடைத்தளங்களுக்குத் தனிப்பெயர் வைத்து, அவற்றை எண்ணாமல் விட்டுவிடுவார்கள்.

அடுத்து நாட்காட்டி. இதில் நானே பட்டிருக்கிறேன். என் அப்பா அம்மா முதல் தடவை வந்தது டிசம்பர் 24. கிறிஸ்துமஸ் சமயம், ஊரே கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அந்தத் தேதிக்கு டிக்கெட் போட்டேன். மதியம் இரண்டு மணிக்குக் கடைகள் மூடின. ஐந்து மணிக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. அங்கே 24ஆம் தேதி மாலைதான் வீட்டுப் பண்டிகை. பரிசு கொண்டுவருவதும் சான்டா இல்லை, கிறிஸ்ட்கிண்ட் என்கிற குழந்தை இயேசு. எல்லோரும் வீட்டுக்குள் மரத்தைச் சுற்றி இருந்தார்கள். நாங்கள் ரயில் நிலையக் கடை ஒன்றில் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வந்து முடித்தோம். அப்பா இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. மியூசியங்கள் பல திறந்திருக்கும், ஆனால் மளிகைக் கடை, துணிக்கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் கிடையாது, பெரிய நிலையங்களில் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகள் மட்டும் விதிவிலக்கு.

உங்கள் விடுமுறைக்கு ஏற்றது 26 மாலை இறங்கி, 27 முதல் 31 வரை இருந்து, ஜனவரி 1 கிளம்புவது. இதில் ஒரு நஷ்டம் உண்டு. நகர மண்டபத்தின் முன்னால் நடக்கும் பெரிய கிறிஸ்துமஸ் சந்தை 26ஆம் தேதியோடு முடிந்துவிடும். கார்ல்ஸ்பிளாட்ஸில் வைக்கோல் பரப்பிக் குழந்தைகளை விளையாடவிடும் சந்தையும், ஷ்பிட்டல்பெர்க் சந்துகளில் போடுகிற சந்தையும் 23ஆம் தேதியே மூடிவிடுவார்கள். ஆனால் ஷோன்ப்ருன் அரண்மனை முற்றத்துச் சந்தை புத்தாண்டு தாண்டியும் ஓடும், உங்களுக்கு அது போதும். எப்படியும் அங்கே போகத்தானே போகிறீர்கள்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரியாவும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள். ஆனால் விசா மையத்தில் நேரம் கிடைப்பதுதான் பாடு, அதனால் செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறுக்குக் கீழ் இல்லை. உங்களுக்கு மொத்தம் 315 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் கைரேகை கேட்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள உபாதைகளையும் சேர்த்துக்கொள்ளும் திட்டமாக எடுங்கள், மலிவானது என்று எதையாவது எடுக்காதீர்கள்.

துணி விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்கிற தவறு ஒன்றுதான். தடியான ஸ்வெட்டர் ஒன்று, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டு, 23 டிகிரி சூடாக்கிய மியூசியத்துக்குள் வியர்த்து, அந்த ஈரத்தோடு வெளியே வந்து சளி பிடித்துக்கொள்வார்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் மெல்லிய கம்பளி, மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு என்று மூன்று அடுக்காக இருக்கட்டும். உள்ளே போனதும் கோட்டைக் கழற்றிக் கொடுப்பதற்கு எங்கும் தனி இடம் உண்டு. காசு அதிகம் செலவழிக்கவேண்டியது செருப்பில், அதாவது பூட்ஸில். அடிப்பாகம் தடிமனாக, வழுக்காததாக இருக்கவேண்டும். அம்மாவுக்குப் புடவைதான் என்றால் உள்ளே தெர்மல் கால்சட்டை, கம்பளிக் காலுறை போதும். கரை தரையைத் தொடாமல் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், பனி விழுந்தால் நடைபாதையில் பொடிக் கல் தூவி வைப்பார்கள். சுவரில் சாய்த்து வைத்த கம்பு தென்பட்டால் அந்தப் பக்கம் நடக்கவேண்டாம். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் என்பதற்கு அது எச்சரிக்கை.

விமான நிலையத்திலிருந்து பச்சை நிற விரைவு ரயில் ஒன்றுக்குப் பெரிய விளம்பரம் இருக்கும். 16 நிமிடத்தில் கொண்டுபோய் விடும், உண்மைதான். ஆனால் எஸ்7 என்கிற சாதாரணப் புறநகர் ரயில் அதே வியன் மிட்டே நிலையத்துக்கு 25 நிமிடத்தில் போகிறது, கட்டணமும் பாதிக்கும் மிகக் குறைவு. ஐந்து பேர் என்னும்போது அது சின்னத் தொகை இல்லை. ஊருக்குள் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது, யாரும் கேட்பதில்லை என்று தோன்றும். பரிசோதகர் சாதாரண உடையில் வருவார், அபராதம் நூறு யூரோவுக்கு மேல். சீட்டில் முத்திரை குத்தவேண்டும் என்றிருந்தால் நீலப் பெட்டியில் குத்திவிட்டு ஏறுங்கள். (மெட்ரோவில் யூ1, 2, 3, 4, 6 என்று இருக்கிறதே, 5 எங்கே என்று உங்கள் மகள் கேட்பாள். இப்போதுதான் தோண்டுகிறார்கள்.)

சரி, ஐந்து நாளை எப்படிப் பிரிப்பது?

வந்த மாலை எதுவும் வேண்டாம். முடிந்தால் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் இறங்கி வெளியே வந்து, புனித ஸ்டெஃபான் பேராலயத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பக்கத்துக் கிராபன் தெருவில் அரண்மனைச் சரவிளக்கு மாதிரி ராட்சத விளக்குகள் தொங்கும். அரை மணி நேரம் நடந்தால் போதும். பேராலயத் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம், அதில் பார்வையாளர் ஏறுவதற்கு 343 படி. அது உங்களுக்கு வேண்டாம். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் போகிறது, அங்கேதான் பும்மரின் என்கிற 20 டன் மணி தொங்குகிறது. 1683 முற்றுகையில் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த மணி, 1945 தீயில் விழுந்து உடைந்தது. அந்த உலோகத்தையே உருக்கி 1951இல் மறுபடி வார்த்தார்கள்.

ஒரு முழு நாள் ஷோன்ப்ருனுக்கு. பெரும்பாலோர் முதலில் அரண்மனைக்குப் போய், குழந்தைகள் களைத்த பிறகு மிருகக்காட்சிசாலைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். யூ4 ரயிலில் ஷோன்ப்ருன் நிலையத்தில் இறங்காமல் அடுத்த ஹீட்சிங்கில் இறங்கினால் மிருகக்காட்சிசாலை வாசல் பக்கம். 1752இல் தொடங்கியது. இன்றும் இயங்கிவருகிற மிருகக்காட்சிசாலைகளில் உலகிலேயே பழமையானது. 2025இல் சீனாவிலிருந்து வந்த பாண்டா ஜோடியைப் பார்த்துவிட்டு மழைக்காட்டு வீட்டுக்குள் நுழையுங்கள். கண்ணாடி உடனே ஆவி பிடிக்கும், நம் ஊர் அக்டோபர் மாதம் மாதிரி புழுங்கும். அம்மா அங்கிருந்து வெளியே வர மறுக்கலாம். ஒன்றரை மணிக்கு மேல் அரண்மனை. மொத்தம் 1,441 அறை, பார்வைக்கு விடுவது நாற்பது சொச்சம்தான், அதுவே அதிகம். சின்னச் சுற்றை எடுங்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். ஆறு வயது மொஸார்ட் 1762இல் பேரரசி மரியா தெரேசாவின் முன் வாசித்தது இந்த அரண்மனையில்தான். உங்கள் மகனைவிட ஒரு வயதுதான் மூத்தவன் என்று சொல்லி வைக்காதீர்கள், பாவம். வெளியே வரும்போது இருட்டியிருக்கும், முற்றத்தில் சந்தை விளக்குகள் எரியும். குழந்தைகளுக்கு கிண்டர்புன்ஷ் என்று கேளுங்கள், மது இல்லாத சூடான பழரசம். கோப்பைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள். திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் வரும், பிடித்திருந்தால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகலாம்.

மியூசிய நாள்தான் எனக்குப் பிடித்தது. மரியா தெரேசா சதுக்கத்தில் எதிரெதிராக இரட்டைப் பிறவி மாதிரி இரண்டு கட்டடங்கள்: ஒன்று இயற்கை வரலாறு, 1889இல் திறந்தது. மற்றது கலை வரலாறு, 1891. இரண்டிலும் 19 வயதுக்குக் கீழ் அனுமதி இலவசம். இயற்கை வரலாறு வழக்கமாகச் செவ்வாய் விடுமுறை, கலை வரலாறு திங்கள், ஆகவே இந்த இரண்டு கிழமையும் தவிர்த்துத் திட்டமிடுங்கள். காலையில் இயற்கை வரலாறு. தலையை ஆட்டி உறுமும் டைனோசர் முன்னால் உங்கள் மகன் நின்றுவிடுவான். அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் வில்லென்டோர்ஃப் வீனஸைப் பாருங்கள். ஏறக்குறைய 30,000 வருடப் பழைய சுண்ணாம்புக்கல் பெண் உருவம், உயரம் 11 சென்டிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். 1908இல் டான்யூப் கரைக் கிராமத்தில் கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்க் கட்டடத்தில், பத்தாம் எண் கூடம். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பீட்டர் ப்ரூகல் வரைந்த ஓவியங்களின் உலகிலேயே பெரிய தொகுப்பு அந்த அறையில் இருக்கிறது. 1565இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர் படம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும், காலண்டரிலெல்லாம் வரும். வெளியில் அதே மாதிரி குளிரில் நடந்துவிட்டு வந்து பார்க்கும்போது அது வேறு படம். அதன் பச்சை நிற வானத்தை நான் வியன்னா ஜனவரியில் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்தவேண்டியது 1560இல் வரைந்த 'குழந்தைகளின் விளையாட்டுகள்' முன்னால். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பது வகை விளையாட்டுக்கும் குறையாது. இடது கீழ் மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு நம் அஞ்சாங்கல் ஆடுகிறார்கள். பச்சைக்குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறார்கள். என் அம்மா அந்தப் படத்தின் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றார், முழங்கால் வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பேத்திக்கு எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் சாய்வு இருக்கைகள் உண்டு, உட்கார்ந்தும் பார்க்கலாம். வியாழனன்று அந்த மியூசியம் இரவு 9 வரை திறந்திருக்கும் என்பதால், மியூசிய நாள் வியாழனாக அமைந்தால் இன்னும் நல்லது.

பனி. வியன்னாவில் டிசம்பர் கடைசியில் பனி விழும் என்று நம்பி வராதீர்கள். விழுந்தாலும் பாதி நாள் சேறாகிவிடும். பனிக்கென்று ஒரு நாள் ஒதுக்கி ஸெம்மரிங் போங்கள். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். போகிற பாதையே பார்க்கவேண்டியது: 1848 முதல் 1854 வரை கார்ல் ஃபோன் கேகா என்ற பொறியாளர் போட்ட மலை ரயில்பாதை, 14 சுரங்கம், 16 பெரிய பாலம், 1998 முதல் உலக மரபுச் சின்னம். மேலே சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கும். முன்தினம் இரவு மலையின் நேரடிக் கேமராவைப் பார்த்து, பனி இருந்தால் மட்டும் கிளம்புங்கள். தேதியை முன்கூட்டியே கட்டிப்போடவேண்டாம். அம்மா வரவில்லை என்றால் நல்லதுதான், யாராவது ஒருவர் அவரோடு ஊரிலேயே தங்கி, பெரிய காபிக் கடை ஒன்றில் மதியத்தைக் கழிக்கலாம். ஒரு மெலாஞ்ச் (பால் காபி) சொன்னால் வெள்ளித் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வரும், இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்லமாட்டார்கள். சென்ட்ரல் கடையில் வாசலிலேயே வரிசை நிற்கும், ஷ்பெர்ல் மாதிரி கொஞ்சம் தள்ளி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து குழாயில் வருவது. வீட்டுக் குழாயிலும் அதேதான், பாட்டில் வாங்காதீர்கள்.

மீதி இரண்டு நாளை இறுக்கிக் கட்டாதீர்கள். ப்ராட்டர் கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினம் 1897இலிருந்து சுற்றுகிறது. ஒவ்வொரு கூண்டும் ஒரு சின்ன அறை, மூடியது என்பதால் குளிரிலும் ஏறலாம், நாலு மணிக்கு விளக்கு எரிகிற நேரம் போங்கள். சுற்றியுள்ள மற்ற ராட்டினங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்று மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மழை பெய்தால் ஹவுஸ் டெஸ் மேரெஸ் என்கிற மீன் காட்சிசாலை: போர்க்கால விமான எதிர்ப்புக் கோபுரத்துக்குள் சுறா, ஆமை, குரங்கு. பனிச்சறுக்கு நடனம் மகளுக்கு ஆசை என்றால் ஹோய்மார்க்ட் பக்கம் 1867இல் தொடங்கிய சங்கத்தின் திறந்தவெளித் தளம் இருக்கிறது, காலணி வாடகைக்குத் தருவார்கள். ஞாயிறு இடையில் வந்தால் காலை 11 மணிக்கு அகஸ்டினர் தேவாலயத்தில் இசைக்குழுவோடு நடக்கும் பூசைக்குப் போய் உட்காருங்கள், நுழைவுச் சீட்டு கிடையாது. தெருவில் வெள்ளை விக்கும் மொஸார்ட் கோட்டும் போட்டுக்கொண்டு கச்சேரி டிக்கெட் விற்பவர்களைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சாப்பாடு. அம்மாவுக்கு முட்டையும் ஆகாது என்றால் உணவகம் கொஞ்சம் சிரமம்தான். தெளிவான சூப் எல்லாம் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு. காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள். கெய்சர்ஷ்மார்ன் என்கிற பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பம் முழுக்க முட்டை, சீஸ் போட்ட ஷ்பெட்ஸ்லே என்கிற நூடுல்ஸிலும் முட்டை உண்டு, குழந்தைகள் சாப்பிட்டால் இரண்டும் அருமை. 'ஓன ஃப்ளைஷ், ஓன ஐ' என்றால் இறைச்சி இல்லாமல், முட்டை இல்லாமல். தெருவோர வண்டியில் சுட்ட செஸ்ட்நட்டும் உருளைக்கிழங்கும் கிடைக்கும், கையும் சூடாகும். நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபெல் உண்டு. ஏழாம் வட்டாரத்தில் ப்ரோஸி என்கிற கடையில் அரிசி, பருப்பு எல்லாம் வாங்கிக்கொண்டால் இரவு ரசம் சாதம் வைத்துவிடலாம். ஊரிலிருந்து புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பால் சேர்ந்த எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தனிப்பட்ட பையில் கொண்டுபோகக்கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அம்மாவின் பெட்டியைக் கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள், எனக்கு அனுபவம்.

பாரசிட்டமால் அங்கே மருந்துக் கடையில் மட்டும்தான் கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் கிடையாது. ஞாயிறிலும் இரவிலும் முறை வைத்துச் சில மருந்துக் கடைகள்தான் திறந்திருக்கும். எனவே குழந்தைக் காய்ச்சல் மருந்தைக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஆம்புலன்ஸ் 144, அவசரம் இல்லாத மருத்துவ ஆலோசனைக்கு 1450.

31ஆம் தேதி இரவு என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நகர மையம் முழுக்க மேடையும் கூட்டமும் பட்டாசும்தான். ஐந்து வயதுக் குழந்தையோடும் அம்மாவோடும் அதற்குள் போகமாட்டேன். மாலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நள்ளிரவில் ஆஸ்திரிய வானொலியைப் போடுங்கள்: முதலில் பும்மரின் மணி, உடனே நீல டான்யூப் வால்ட்ஸ். அக்கம்பக்கத்து வீடுகளில் வரவேற்பறையிலேயே ஆடுவார்கள். மறுநாள் காலை 11.15க்கு முசிக்ஃபெரைன் அரங்கில் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் புத்தாண்டுக் கச்சேரி. டிக்கெட் குலுக்கல் முறையில் தருவது, அதை நம்பவேண்டாம். பெட்டி கட்டிக்கொண்டே தொலைக்காட்சியில் பாருங்கள். கச்சேரி முடியும்போது விமான நிலையத்துக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். விமானம் மாலையில் இருக்கிற மாதிரி மட்டும் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.